லயத்து முற்றம்

வீடு என்பது கூரையும் சுவரும் மட்டுமன்று. வாயிலில் ஒரு கோலமும் கொல்லையில் ஒரு முருங்கையும் இருந்தால்தான் தமிழர் மனம் அதனை வீடென்று ஒப்புக்கொள்ளும். கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், தமக்குச் சொந்தமில்லாத மண்ணில் அத்தகைய வீட்டை அமைத்தனர். அந்த முற்றத்தின் கதை அவர்தம் உழைப்பின் வரலாறு. உரிமையின்மையின் வரலாறும் அதுவே.

கெடாவின்மீது சயாமுக்கு இருந்த மேலாதிக்கம் 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஆங்கிலேயரிடம் சென்றது. அதனையொட்டிய ஆண்டுகளில் கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியே வந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி நிலம், பயிரிட ஒதுக்கப்பட வேண்டுமென விதித்தது. கெடா அக்கூட்டரசில் சேராத மாநிலம். எனினும், இங்கும் லயத்தைச் சூழ்ந்த மண் வெறுமனே கிடக்கவில்லை.

விடியுமுன் பெரட்டு, பின்னர் மரம் சீவுதல், நண்பகலுக்குள் பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டு செல்லுதல். பிற்பகலே தொழிலாளியின் சொந்தப் பொழுது. அப்பொழுதுதான் மண்வெட்டி கொல்லைக்குச் சென்றது. கீரைப் பாத்தி, கத்தரி, பாகற்பந்தல், கழிவுநீர் பாயும் இடத்தில் வாழை, வாயிலில் துளசியும் செம்பருத்தியும் என முற்றம் உருப்பெற்றது. மாடு வளர்த்தோர் சாணத்தை எருவாக்கினர். ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்து பால்மரங்கள் இலையுதிர்க்கும். பால் குறையும்; வருமானமும் குறையும். அந்நாளில் குடத்து நீர் ஊற்றிக் காத்த கீரையே அடுப்பிற்குத் துணை நின்றது.

சப்பானியர் ஆட்சியில் இம்முற்றத்தின் அருமை இன்னும் தெளிவாயிற்று. அரிசி அரிதாயிற்று. தோட்டத்து ஆடவர் பலர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; மீளாதோர் பலர். எஞ்சிய பெண்டிரும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் காத்தனர்.

இவ்வளவும் தந்த மண், வேலை உள்ளவரைக்கும்தான். ஊழியர் சேமநிதி 1951இல் அமைந்தது. 55 வயதில் கைக்கு ஒரு தொகை வந்தது. ஆனால், வேலை முடிந்தால் வீடு தோட்டத்திற்கு. வீட்டோடு கொல்லையும் போயிற்று. பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்து வேலையில் இருந்தால் முதியோர் அதே வீட்டில் தங்கலாம். இதனால் படிக்க வேண்டிய பிள்ளை பால்வாளியைத் தூக்கிய குடும்பங்கள் உண்டு. பெற்றோர் நட்ட முருங்கையின் நிழலுக்குப் பிள்ளையின் கல்வி விலையாயிற்று. இக்கணக்கு எந்தத் தோட்டத்துப் பேரேட்டிலும் ஏறவில்லை.

1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருங்கே பறிபோயின. அத்துயரின் விடையாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் நிலமாயிற்று. அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம் என்பது இம்மாநிலத் தமிழர் நினைவிற்கொள்ளத்தக்கது. பின்னர் 1990இல் வந்த சட்டம் தொழிலாளர் வீடுகளின் தரத்தை வகுத்தது, வீட்டையே உரிமையாக்கவில்லை.

தோட்டத்தை விட்டோர் பட்டணத்துத் தொடர்வீடுகளை நாடினர். மாவும் பலாவும் உடன்வர மாட்டா. முருங்கைப் போத்தும், வாழைக்கன்றும், வேரோடு பெயர்த்த கறிவேப்பிலைக் கன்றும் வரும். சிமெண்டு பூசிய சிறு முற்றத்தில் அவற்றுக்கு இடமில்லையெனில் பழைய சாயத் தகரமே பாத்தியாயிற்று. துளசி மட்டும் முன்போலவே வாயிலில் நின்றது.

வாழையும் முருங்கையும் விரைந்து பயன் தருவன. பலாவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நாளை யாருடையதென்று அறியாத மண்ணில் பலா நட மனம் துணிவதில்லை. பட்டா என்பது வெறும் காகிதமன்று. பேரனுக்காக மரம் நடும் துணிவு அது. அத்துணிவை நம் பிள்ளைகள் பெற வேண்டுமாயின், அது இல்லாமலேயே முற்றம் வளர்த்தவர்களின் கதையை அவர்கள் முதலில் அறிதல் வேண்டும்.