இரு விழிகள், ஒரு காட்சி

வலக் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தருகே நீட்டிய விரலை இடக் கண்ணால் நோக்குவோம். பின்பு கண்ணை மாற்றி நோக்குவோம். விரல் இடம் பெயர்ந்ததுபோல் தோன்றும். நம் விழிகளுக்கிடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் தொலைவு இருப்பதால், ஒவ்வொன்றும் சற்றே வேறான காட்சியைக் காண்கிறது. இவ்வேறுபாடே பொருள்களின் ஆழத்தை நமக்கு உணர்த்துகிறது என்பதை 1838-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் எடுத்துக்காட்டினார் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர்.

அவர் அமைத்த கருவி எளியது. செங்கோணமாகச் சேர்த்த இரண்டு கண்ணாடிகள். இருபுறமும், ஒரே பொருளை இரு கோணங்களில் வரைந்த இரண்டு கோட்டோவியங்கள். ஒவ்வொரு கண்ணும் தனக்குரிய ஓவியத்தை மட்டுமே காணும். மனமோ இரண்டையும் இணைத்து, தாளில் இல்லாத திரண்ட உருவத்தைக் கண்முன் நிறுத்தும். அதற்கு ஸ்டீரியோஸ்கோப் என்று அவரே பெயரிட்டார். புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டில்தான்.

1849-இல் ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர், கண்ணாடிகளுக்குப் பதிலாக வில்லைகளைப் பொருத்தி, கையில் ஏந்தத்தக்க சிறு பெட்டியாக அதனை மாற்றினார். பாரிஸ் நகரில் டுபோஸ்க் என்பவர் செய்த அத்தகைய கருவி, 1851-ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் விக்டோரியா அரசியைக் கவர்ந்தது. அதன்பின் வீடுகளில் பரவியது. 1861-இல் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், கைப்பிடியுடன் கூடிய மலிவான வடிவம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எவரும் செய்து விற்கலாயினர்.

உலகம் வீட்டுக் கூடத்திற்கு வந்தது. மதுரை, திருச்சி, தஞ்சைக் காட்சிகளை லினியஸ் டிரைப் இவ்வகை இரட்டைப் படங்களாக எடுத்து 1858-இல் வெளியிட்டார். 1900-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் அண்டர்வுட் நிறுவனம் திருநாட்டுக் காட்சிகளை வரைபடங்களோடும் வழிகாட்டி நூலோடும் பெட்டியாக விற்றது. எருசலேமுக்குச் செல்ல இயலாதோரும் அதன் தெருக்களில் நிற்பதுபோல் உணர்ந்தனர்.

இவ்வரலாற்றில் வருந்தத்தக்க பக்கமும் உண்டு. கண்டுபிடிப்பின் பெருமை வீட்ஸ்டனுக்கு உரியதன்று எனப் புரூஸ்டர் வாதிட்டார். 1856-இல் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் இருவரும் கடிதங்களால் மோதிக்கொண்டனர். இரு பார்வைகள் இணைவதன் பயனை உலகிற்கு விளக்கியவர்களால், தம் இருவர் பார்வைகளையும் இணைக்க இயலவில்லை! இரண்டு உலகப் போர்களிலும் இதே நுட்பம், வானிலிருந்து எடுத்த படங்களில் பகைவரின் நிலைகளை ஆராய உதவியது. திருநாட்டை அருகே காட்டிய கருவி, குண்டு வீச வேண்டிய இடத்தையும் காட்டிற்று.

1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான வியூ-மாஸ்டர், பதினான்கு சிறு படங்கள் கொண்ட வட்டத்தகட்டால் ஏழு காட்சிகளைக் காட்டியது. நாளடைவில் அது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாயிற்று.

எனினும் அக்கருவி கற்பிக்கும் பாடம் விளையாட்டன்று. முற்றிலும் ஒத்த இரு படங்களை அதில் வைத்தால் ஆழம் தோன்றாது. தட்டையான படமே தெரியும். குடும்பத்திலும் பங்கிலும் நம்மோடு மாறுபட்டுக் காண்பவரை நாம் இடையூறாகக் கருதுகிறோம். அவர் நின்று காணும் இடமும் நம் பார்வைக்குத் தேவையான மற்றொரு கண்ணாக இருக்கலாம் அன்றோ?