எஸ்கியூலைட் தரவுத்தளமும் தமிழ் நெடுங்கணக்கும்: ‘அனகாபுத்தூர்’ பெறும் இடம்

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரிச்சர்டு ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைட், தனி வழங்கி வேண்டாது ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளமாகும். 2004இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, நிரலர் தாமே வரிசைமுறை வகுத்துக்கொள்ளவும் இடமளித்தது. எனினும் அதன் இயல்பான வரிசைப்படுத்தல் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுகிறது. எனவே சென்னை, தாம்பரம் வட்டார ஊர்ப்பெயர்கள் அடையாறு, அனகாபுத்தூர், அம்பத்தூர், அயனாவரம் என அமைகின்றன. நெடுங்கணக்கில் னகரமே இறுதி மெய். ஆதலின் அனகாபுத்தூர் அயனாவரத்திற்குப் பின்னரே வருதல் வேண்டும்.

இப்பிறழ்வின் வேர் எஸ்கியூலைட்டில் இல்லை. 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரம் இந்திய எழுத்துகளுக்குப் பொது அட்டவணை வகுத்து, னகரத்தை நகரத்தை அடுத்து வைத்தது. 1991இல் ஒருங்குறி அவ்வமைப்பைப் பின்பற்றியது. றகரமும் அவ்வாறே ரகரத்தை அடுத்து நின்றது. உயிர்க்குறிகளுக்குப் பின் புள்ளி இடம்பெற்றதால், ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பிற்படுகிறது.

ஆகவே அகராதி, சொல்லடைவு, ஊர்ப்பெயர்த் தொகுப்பு ஆகியவற்றை இத்தரவுத்தளத்தில் அமைப்போர், நெடுங்கணக்கு முறையை ஒப்பீட்டுச் செயற்கூறாக எழுதி இணைத்தல் இன்றியமையாதது. உரிய இடத்தில் காணப்படாத சொல்லைத் தொகுப்பிலேயே இல்லாத சொல்லென ஆய்வாளர் கொள்ள நேரும்.