தமிழ்நாட்டில் இசைக் கல்விக்கான உதவித்தொகை: வரலாறு

இசைக் கல்விக்கான உதவித்தொகை என்பது இளையோர் வாய்ப்பாட்டு, கருவியிசை, ஆடல் ஆகியவற்றைக் கற்கும் காலத்தில் அவர்களுக்கு வழங்கப்படும் பொருளுதவி. தமிழகத்தில் இந்த உதவி கோயில் நெல், நிலமானியம், ஆசிரியர் வீட்டு உணவு, கல்லூரிச் சலுகை, அரசு உதவித்தொகை எனக் காலந்தோறும் வடிவம் மாறி வந்துள்ளது. யாருக்கு உதவி கிடைத்ததோ அவர்களே பெரும்பாலும் இசைக்கலைஞர்கள் ஆனார்கள். எனவே இந்த உதவியின் வரலாறு தமிழகத்தில் யாரெல்லாம் இசை கற்க முடிந்தது என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

கோயில் கொடைகள்

கோயில்களில் திருப்பதியம் பாடுவோருக்குப் பொருள் ஒதுக்கும் வழக்கம் பல்லவர் காலத்திலேயே இருந்தது. திருவல்லம் கோயிலின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு திருப்பதியம் பாடுவாரைக் குறிப்பிடுகிறது. இவ்வழக்கத்தின் மிக விரிவான சான்றுகள் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் உள்ளன. முதலாம் இராஜராஜன் அங்கு திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்தான். இந்த ஐம்பது பேருக்கும் ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் அளிக்கப்பட்டது. 12 குறுணி ஒரு கலம். அதன்படி ஒருவரின் ஆண்டு வருவாய் 91 கலத்துக்குச் சற்று மேல். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஒரு பங்கு வீதம் வழங்கப்பட்டது. ஒரு பங்குக்கு 100 கலம் நெல்.

பிடாரர் பற்றிய கல்வெட்டின் வாரிசு விதி கவனத்துக்குரியது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டு வெளியேறினாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். உறவினருக்குப் பாடும் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் அப்பணியில் உள்ள மற்றவர்கள் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த விதியால் ஒரு குடும்பத்துக் குழந்தை இசை கற்பதற்கான காரணம் பிறக்கும்போதே அமைந்தது. கற்கும் காலத்தில் அதன் உணவுக்குக் குடும்பத்தின் நெல் இருந்தது. கற்று முடித்ததும் வேலையும் இருந்தது. தனியாக உதவித்தொகை என்ற ஒன்று தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு வாய்ப்பு மிக அரிது.

மாணவருக்கே நேரடியாகப் படி வழங்கும் முறையைச் சோழர் காலம் அறிந்திருந்தது. முதலாம் இராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்களுக்கு நாள்தோறும் நெல் அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. ஆனால் அவர்கள் வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் கற்ற மாணவர்கள்.

குருகுலம்

பிற்காலத்தில் இசைக் கல்வியின் முதன்மை வடிவம் குருகுலவாசம். மாணவன் ஆசிரியர் வீட்டில் தங்கி, அங்கேயே உண்டு, வீட்டு வேலைகளையும் ஆசிரியருக்கான பணிவிடைகளையும் செய்து பல ஆண்டுகள் கற்றான். கட்டணம் இல்லை. ஆசிரியரின் பாடலையும் சாதகத்தையும் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பதே பாடத்தின் பெரும்பகுதி. உ.வே. சாமிநாதையரின் தந்தை வேங்கட சுப்பையர் உடையார்பாளையம் ஜமீனின் சமஸ்தான வித்வானாக இருந்த கனம் கிருஷ்ணையரிடம் இவ்வாறு கற்றவர்.

குருகுலத்தில் மாணவனின் செலவை ஆசிரியர் ஏற்றார். ஆசிரியரின் செலவை அரண்மனையோ ஜமீனோ ஆதீனமோ ஏற்றது. தஞ்சை மராட்டிய அரசவை, இராமநாதபுரம் சேதுபதிகள், எட்டயபுரம், உடையார்பாளையம் ஜமீன்கள் ஆகியோரின் ஆதரவு இவ்வாறு அடுத்த தலைமுறை மாணவர்களுக்கும் சென்று சேர்ந்தது. அந்த வகையில் குருகுலமும் ஒரு மறைமுக உதவித்தொகையே.

அதன் எல்லைகளும் தெளிவானவை. ஒரே வீட்டில் தங்கி உண்ண வேண்டியிருந்ததால் சாதி விலக்கு அங்கே முழுமையாகச் செயல்பட்டது. பெண் குழந்தைகள் வேறொரு வீட்டில் தங்கிக் கற்பது பெரும்பாலும் இயலாததாக இருந்தது. இசை மரபுடைய குடும்பங்களின் பெண்கள் தாயிடமும் பாட்டியிடமும், அல்லது வீட்டுக்கு வந்து கற்பிக்கும் நட்டுவனாரிடமும் வித்வான்களிடமும் கற்றனர்.

ஆதரவின் சரிவு

1855-இல் தஞ்சையின் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் அந்த அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இணைக்கப்பட்டது. அரண்மனையை நம்பியிருந்த கலைஞர்கள் பிற சமஸ்தானங்களுக்கும் சென்னைக்கும் இடம்பெயர்ந்தனர். சென்னையில் சபாக்கள் தோன்றின. சபா கச்சேரி செய்பவருக்குச் சன்மானம் அளித்தது. பத்தாண்டுகள் கற்க வேண்டிய மாணவனின் உணவு அதன் பொறுப்பில் இல்லை. நகரத்தில் வாடகை வீட்டில் வாழ்ந்த வித்வானுக்கும் நான்கைந்து மாணவர்களை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது கடினமாயிற்று. கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் முறை பரவியது.

கோயில் மானியமும் இதே காலத்தில் மாறியது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், தேவதாசியர் அனுபவித்து வந்த இனாம் நிலங்களைக் கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. இவை பெண்களைக் கட்டாய ஊழியத்திலிருந்து மீட்ட சட்டங்கள். அதே வேளையில், நிலத்துக்கு ஈடாகக் கலை என்று பல நூற்றாண்டுகள் நீடித்த பொருளியல் பிணைப்பும் இவற்றோடு முடிவுக்கு வந்தது. இசையைத் தாங்க வேறு ஏற்பாடு தேவைப்பட்டது.

இசைக் கல்லூரிகள்

அந்த ஏற்பாடாக அமைந்தவை இசைக் கல்லூரிகள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. சபேசையர், டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்றோர் அங்கு பணியாற்றினர். மியூசிக் அகாதெமி 1931-இல் இசை ஆசிரியர்களுக்கான கல்லூரியைத் தொடங்கியது. தமிழ்ப் பாடல்களை வளர்க்க அண்ணாமலைச் செட்டியார் 1940-இல் 10,000 ரூபாய் வழங்கினார். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. அதன் தமிழ் இசைக் கல்லூரியில் பயின்று இசைமணி பட்டம் பெற்றவர்களுள் ஒருவர் சீர்காழி கோவிந்தராஜன். சென்னையில் அரசின் கர்நாடக இசைக் கல்லூரி 1949-இல் தொடங்கப்பட்டது. முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வராக இருந்தார்.

கல்லூரியின் வருகையால் இசை கற்பதற்கான வாயில் மாறியது. ஆசிரியரின் வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்ற நிலை போய், விண்ணப்பமும் நுழைவுத் தேர்வும் வந்தன. பெண்களும் இசை மரபு இல்லாத குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் வகுப்பறையில் சேர்ந்து அமர முடிந்தது. அதற்கு ஈடாக, ஆசிரியர் வீட்டில் இயல்பாகக் கிடைத்த உணவும் தங்குமிடமும் இல்லாமலாயின. இவ்விடத்தில்தான் நவீனப் பொருளில் இசைக் கல்வி உதவித்தொகை தேவைப்படத் தொடங்கியது.

அரசுத் திட்டங்கள்

மாவட்ட அரசு இசைப் பள்ளிகள்: தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 இடங்களில் இசைப் பள்ளிகளை நடத்துகிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், தேவாரம், நாதசுரம், தவில் ஆகியவை மூன்றாண்டுப் படிப்புகளாகக் கற்பிக்கப்படுகின்றன. 12 முதல் 25 வயது வரை உள்ளோர் சேரலாம். கட்டணம் மிகக் குறைவு. மாணவர்களுக்கு மாதந்தோறும் 400 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுவதாகச் சேர்க்கை அறிவிப்புகள் குறிப்பிட்டு வந்துள்ளன. குரலிசை, வயலின் போன்றவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தேவாரம், நாதசுரம், தவில் ஆகியவற்றுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஓதுவார், நாதசுரம், தவில் பயிற்சிப் பள்ளிகள்: இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்கள் சார்பில் நடத்தப்படுபவை. உணவு, தங்குமிடத்துடன் மாத ஊக்கத்தொகையும் அளிக்கப்படுகிறது. 1,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2021-க்குப் பின் படிப்படியாக உயர்த்தப்பட்டது. பழைய கோயில் கொடை மரபுக்கு மிக அருகில் இருக்கும் இன்றைய வடிவம் இதுவே.

மத்திய அரசு உதவித்தொகைகள்: கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1982 முதல் கலைத்திறன் கொண்ட சிறுவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. 10 முதல் 14 வயது வரை உள்ளோர் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 3,600 ரூபாயும், ஆசிரியருக்குச் செலுத்தும் கட்டணத்தில் 9,000 ரூபாய் வரையும் தருவது திட்டத்தின் விதி. மொத்தமுள்ள 650 இடங்களில் 125 இடங்கள் மரபாகக் கலைத்தொழில் செய்யும் குடும்பங்களின் குழந்தைகளுக்கும், 100 இடங்கள் பழங்குடிக் குழந்தைகளுக்கும், 20 இடங்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் வழங்கும் மற்றொரு திட்டத்தில் நாடு முழுவதற்கும் 400 இடங்கள் உள்ளன.

இசைக் கருவிகள்: 1955-இல் தொடங்கப்பட்ட சங்கீத நாடக சங்கம் 1973 முதல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்ற பெயரில் இயங்குகிறது. கலைஞர்கள் இசைக்கருவிகளும் ஆடை அணிகளும் வாங்க அது நிதியுதவி அளிக்கிறது.

மதிப்பீடு

தஞ்சையின் மூன்று குறுணி நெல் வாழ்க்கைக்கான ஊதியம். பெற்றவர் வேறு தொழிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு 3,600 ரூபாய் என்பது மாதத்துக்கு 300 ரூபாய். கட்டணச் சுமையைக் குறைக்க உதவும் இத்தொகையால் ஒருவரின் மாதச் செலவைத் தாங்க இயலாது. பழைய முறை மிகச் சிலருக்கு முழுமையாக அளித்தது. புதிய முறை பலருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் சிறிதளவே அளிக்கிறது.

இசை கற்பதற்கான செலவில் கட்டணம் ஒரு பகுதி மட்டுமே. பெருஞ்செலவு காலம். நாள்தோறும் பல மணி நேரச் சாதகம் பல ஆண்டுகள் தேவைப்படும் கலையில், அந்த ஆண்டுகளில் பொருளீட்டாமல் இருக்கக்கூடிய குடும்பத்தின் பிள்ளையே நிலைக்க முடிகிறது. வேலைக்குச் செல்ல வேண்டிய இளைஞருக்குக் கட்டணமில்லாத வகுப்பும் எட்டாததே. நாதசுரம், தவில் மரபின் குடும்பங்களிலிருந்து இளையோர் வேறு தொழில்களுக்குச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவ்வகையில் உணவும் தங்குமிடமும் ஊக்கத்தொகையும் சேர்த்து அளிக்கும் பயிற்சிப் பள்ளிகள், தொகை மட்டும் வழங்கும் திட்டங்களைவிட ஏழை மாணவருக்கு நெருக்கமானவை. கல்லூரி வகுப்பறை எல்லோருக்கும் திறந்துவிட்ட வாயிலும் பிடாரர் பெற்ற முழு வாழ்வாதாரமும் ஒரே திட்டத்தில் இணைவது அரிதாகவே நிகழ்ந்துள்ளது.