சங்கரராமன் வழக்கும் சிகாகோவின் பத்தாயிரம் டாலரும்

செங்கல்பட்டு முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் நடந்திருக்க வேண்டிய ஒரு கொலை வழக்கு, அங்கிருந்து புதுச்சேரிக்குப் போனது. நாவலூரில் என்னோடு வேலை பார்க்கிற பசங்க பலருக்கு அப்போது பத்து வயசுகூட இருந்திருக்காது. சங்கரராமன் கொலை வழக்கு என்று சொன்னால், "யாரோ மடாதிபதியை தீபாவளி அன்னிக்கு கைது பண்ணாங்களே, அதுவா?" என்பார்கள். அதேதான்.

கொலையை யார் செய்தார்கள் என்று துப்பறிவது இந்தப் பதிவின் வேலை இல்லை. குற்றம்சாட்டப்பட்டவர்களைக் கோர்ட் விடுதலை செய்துவிட்டது, அதை மதித்தே எழுதுகிறேன். என் ஆர்வம் வேறு இடத்தில். வழக்கு நடுவில், 2011-ல், சந்தேகம் எதிரிகளை விட்டுவிட்டு நீதிபதி பக்கம் திரும்பியது. விசாரிக்கிறவர் மேலேயே சந்தேகம் வந்தால் சட்டம் என்ன செய்கிறது? இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்துதான் சிகாகோ வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

முதலில் வழக்கு. 2004 செப்டம்பர் 3 அன்று மாலை காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன், கோயில் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பர் 11 இரவு, அன்றைய ஆந்திராவின் மகபூப்நகரில் காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானார். 2005 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. அதே நாளில் விஜயேந்திரர் கைது. அந்த மாதமே சுமார் 1,800 பக்கக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை கிடைக்காது என்று ஜெயேந்திரர் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. மடத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது, உடன் குற்றம்சாட்டப்பட்டவர்கள் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது, வக்கீல்கள் மேலேயே வழக்குப் போட்டது எல்லாவற்றையும் பார்த்த நீதிபதிகள், அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்று 2005 அக்டோபரில் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றினார்கள். அதாவது முதல் சந்தேகம் மாநில அரசின் மேல்.

2009-ல் சாட்சி விசாரணை தொடங்கியது. 2011 ஆகஸ்டில் ஒரு ஒலிப்பதிவு வெளியே வந்தது. அதில் ஜெயேந்திரர், ஒரு பெண், வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த நீதிபதி ஆகியோர் பணம் பற்றிப் பேசுகிறார்கள் என்றும், இதை விசாரிக்க வேண்டும் என்றும் ஒரு வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். உயர் நீதிமன்றம் விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிபதி மாற்றப்பட்டார். அது குற்றச்சாட்டுதானே தவிர நிரூபணமான குற்றம் இல்லை, அதனால் அந்த நீதிபதியின் பெயரை இங்கே எழுதவில்லை. தடை விலகிய பிறகு வேறொரு நீதிபதி, சி.எஸ்.முருகன், வழக்கை முடித்தார். 2013 நவம்பர் 27-ல் தீர்ப்பு: 23 பேரும் விடுதலை. விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகள். அப்ரூவராக மாறியிருந்தவரே அரசுத் தரப்பைக் கைவிட்டார்.

இப்போது சிகாகோ. இங்கே எல்லாம் நிரூபணம் ஆனது, அதனால் தைரியமாகப் பெயர் சொல்லலாம்.

1972 செப்டம்பரில் வில்லியம் லோகன் என்ற தொழிற்சங்க நிர்வாகி தன் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார். சுட்டவன் ஹாரி அலெமன், சிகாகோ மாஃபியாவின் கூலிக் கொலைகாரன். நாயை வாக்கிங் கூட்டிப் போன பக்கத்து வீட்டுக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். கார் ஓட்டியவனும் அரசு சாட்சியாக வந்தான். இதைவிட வலுவான கேஸ் வேண்டுமா? ஆனால் 1977 மே மாதம் நீதிபதி ஃபிராங்க் வில்சன், ஜூரி இல்லாமல் தானே தனியாக விசாரித்து, அலெமனை விடுதலை செய்தார். பேரம் பத்தாயிரம் டாலர். 2,500 முன்பணம், மிச்சம் தீர்ப்புக்குப் பிறகு ஒரு ரெஸ்டாரண்ட் கழிப்பறையில். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்கூட வராது.

வில்சனைத் தேர்ந்தெடுத்த காரணம்தான் என்னை உலுக்கியது. அவர் நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். அவர் விடுதலை செய்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதான் கணக்கு. பணத்தைக் கொண்டு போய்க் கொடுத்த வக்கீல் ராபர்ட் கூலி 1986-ல் தானாக அரசிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, உடம்பில் ரெக்கார்டர் மாட்டிக்கொண்டு உளவு பார்க்கச் சம்மதிக்கவில்லை என்றால், அந்தத் தீர்ப்பு இன்றும் ஒரு சாதாரணத் தீர்ப்பாகவே இருந்திருக்கும். வில்சன் 1990-ல் அரிசோனாவில் தற்கொலை செய்துகொண்டார்.

கொலை வழக்கைத் திசைதிருப்ப நீதிபதி பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை, அதை யோசிச்சுப் பாருங்க. சந்தேகத்தின் பலன் என்ற ஒரு கதவு சட்டத்திலேயே திறந்து கிடக்கிறது, கிடக்கவும் வேண்டும். சாட்சி தடுமாறும்போது ஒரு கேள்வி கேட்டுத் தெளிவாக்காமல் விடலாம். வாய்தா மேல் வாய்தா கொடுத்து சாட்சியைக் களைத்துப் போக வைக்கலாம். பதிலில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதும் அவர் கையில். வெளியே வரும் தீர்ப்பைப் படித்தால் நேர்மையான நீதிபதி எழுதியது மாதிரியேதான் இருக்கும். லாக் ஃபைலை எழுதுகிற புரோகிராமே கெட்டுப்போனால் லாகைப் பார்த்து பக் கண்டுபிடிக்க முடியாது, அது மாதிரி. சிகாகோவில் ஜூரியைத் தவிர்த்து நீதிபதி தனியாக விசாரிக்கச் செய்வது ஒரு தந்திரம். இந்தியாவில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி போய்விட்டதால் எல்லாக் கொலை வழக்குமே அப்படித்தான். ஒரே ஒரு மனிதர். (பாகவதரும் என்.எஸ்.கே.யும் சிக்கிய லட்சுமிகாந்தன் வழக்கில் ஜூரி இருந்தது, 1945-ல் குற்றவாளிகள் என்றது, 1947-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஜூரி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.)

இன்னொரு கொடுமை: விலை போன நீதிபதியால் பணம் கொடுக்காதவனுக்கும் ஆபத்து. அலெமனுக்கு முதலில் வக்கீலாக இருந்த தாமஸ் மெலோனி பிறகு நீதிபதியானார். கொலை வழக்குகளில் லஞ்சம் வாங்கியதற்காக 1993-ல் அவரே குற்றவாளி என்று தீர்ப்பானது. ஒரு வழக்கில் பத்தாயிரம் டாலர் வாங்கிவிட்டு, எஃப்.பி.ஐ. மோப்பம் பிடிக்கிறது என்று பயந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தார். அவர்களில் நேதன் ஃபீல்ட்ஸ் 2009-ல் மறுவிசாரணையில் விடுதலையானார். லஞ்சம் தராத வழக்குகளில் கறார் காட்டித் தன் திருட்டை மறைத்தாரா என்று ஆராய அனுமதிக்கலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1997-ல் சொன்னது.

சரி, அலெமன் என்ன ஆனான்? ஒருமுறை விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக் கூடாது என்பது அமெரிக்காவிலும் அடிப்படை உரிமை. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய விசாரணையில் அவன் ஒரு நாளும் தண்டனை அபாயத்தில் இருக்கவில்லை, அதனால் அது விசாரணையே இல்லை என்று கோர்ட் சொன்னது. 1997-ல் மறுவிசாரணை. 100 முதல் 300 ஆண்டு தண்டனை. 2010-ல் சிறையிலேயே செத்தான்.

நம்மிடம் இதற்கு நெருக்கமாக இருப்பது பெஸ்ட் பேக்கரி வழக்கு. அங்கே லஞ்சப் பேச்சு இல்லை. 2002-ல் வதோதராவில் 14 பேர் கொல்லப்பட்ட வழக்கில், சாட்சிகள் வரிசையாகப் பிறழ, 21 பேரும் விடுதலையானார்கள். விசாரணை நீதிபதி சும்மா வேடிக்கை பார்த்திருக்கிறார் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சாடி, வழக்கை மகாராஷ்டிராவுக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2006-ல் மும்பை நீதிமன்றம் ஒன்பது பேரைத் தண்டித்தது. சங்கரராமன் கொலை நடந்தது அந்த உத்தரவு வந்த அதே ஆண்டில்தான்.

புதுச்சேரியில் நடந்தது மறுவிசாரணை இல்லை, நீதிபதி மாற்றம் மட்டும். அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 326-வது பிரிவுப்படி, முன்னால் இருந்தவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்தே பின்னால் வருகிறவர் தீர்ப்பு எழுத முடிந்தது. தேவைப்பட்டால் சாட்சியை மீண்டும் கூப்பிடலாம், அவ்வளவுதான். வழக்கமான இடமாறுதலுக்கு இது நல்ல ஏற்பாடு, இல்லையென்றால் எந்த வழக்கும் முடியாது. ஆனால் நீதிபதி மீதான சந்தேகத்துக்கு இது மருந்து ஆகாது. புதிய நீதிபதி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், சாட்சி சொன்னவரின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைத்தான் படிக்கிறார். அந்த ஒலிப்பதிவு பொய் என்றால், மாற்றப்பட்ட நீதிபதிக்கு அநியாயம். உண்மை என்றால், அவர் காலத்துப் பக்கங்கள் அப்படியே கட்டுக்குள் இருந்தன. இரண்டில் எது என்பதற்கு இடமாறுதல் உத்தரவு பதில் சொல்லாது.

மறுவிசாரணை நடத்தியிருந்தால்? சிகாகோவில் 1972-ல் நாயோடு நடந்து போன அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், 25 வருஷம் கழித்து வந்து மறுபடி கூண்டில் ஏறி சாட்சி சொன்னார். காஞ்சிபுரம் வழக்கில் 2013 மார்ச்சில், தீர்ப்புக்கு எட்டு மாதம் முன்பு, குற்றம்சாட்டப்பட்ட 24 பேரில் ஒருவரான கதிரவனை சென்னையில் வெட்டிக் கொன்றார்கள். தீர்ப்பு நாளில் 23 என்ற எண் வந்தது அதனால்தான்.