ஓரியின் மலையில் கம்புச் சத்தம்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரிதான் நினைவுக்கு வருவான். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். (கணக்கு எழுதியே பழகிய எனக்கு அந்த உடும்பில்தான் கொஞ்சம் சந்தேகம்!) மலையமான் திருமுடிக்காரியின் கையில் ஓரி இறந்தான், மலை சேரனிடம் போனது. இன்றும் ஆடிப் பெருக்கை ஒட்டிச் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு.

வங்கி வேலையாக அங்கே இருந்த நாளில் நான் பார்த்ததோ வில் இல்லை, கம்பு. மாலையில் ஒரு பெரியவர் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். முதலில் மண்ணைத் தொட்டு வணக்கம், பிறகு ஆசானுக்கு வணக்கம். அதற்கப்புறம் உடனே கம்பு சுற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். காலடிதான் முதல் பாடம். கால் எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதே பல நாள் ஓடும். கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்கும். வீச்சு பழகிய பிறகுதான் இருவர் எதிரெதிரே நின்று அடி, தடுப்பு. கம்பு நுனியில் கரி பூசி விளையாடினால் யார் உடம்பில் எத்தனை புள்ளி என்று எண்ணிவிடலாம். தணிக்கைக்கு இதைவிடச் சுலபமான வழி ஏது! சிலம்பு என்றால் ஒலி. மலை என்றும் பொருள் உண்டு. காற்றைக் கிழிக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் இரண்டும் பொருந்தும்.

பாளையக்காரர்களை அடக்கிய கம்பெனி 1801-இல் அவர்கள் சீமையில் ஆயுதங்களுக்குத் தடை போட்டது. வேலும் வாளும் போயின. மாடு மேய்ப்பவன் கையிலிருக்கும் கம்பை எந்தச் சட்டம் பிடுங்கும்?

ஜப்பானிலும் இதே கதைதான். 1876-இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. ஆனால் மூங்கில் வாளும் கவசமும் கொண்டு பழகும் கெண்டோ நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் அதையும் தடுத்தார்கள்; 1952-இல் சம்மேளனம் அமைத்து மீண்டும் எழுந்துவிட்டார்கள். அங்கும் வணக்கத்தில்தான் தொடக்கம். அங்கும் காலடிக்குத்தான் முதல் மரியாதை.

நம் சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சிலம்பம் பழக மொட்டை மாடியைக் கேட்டு நம் பிள்ளைகள் 11 பேர் கையெழுத்திட்ட மனு அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. தலைக்கு மேல் குதித்தால் தூங்க முடியாது என்று மேல்தளத்தார் சொல்வது நியாயம்தான். ஆனால் பின்பக்க வாகன நிறுத்தத்தில் ஞாயிறு காலை 6 முதல் 7 வரை பாதி இடம் காலி. போன மாதம் நான்கு ஞாயிறும் நின்று எண்ணிப் பார்த்தேன். அந்த இடத்தைக் கொடுக்கலாம் என நான் முன்மொழியப்போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.