குளிர்காலத் திறந்தவெளி உடற்பயிற்சி

குளிர்காலத் திறந்தவெளி உடற்பயிற்சி என்பது குளிர் மிகுந்த காலநிலையில் திறந்தவெளியில் மேற்கொள்ளப்படும் ஓட்டம், நடை, பனிச்சறுக்கு போன்ற உடற்பயிற்சிகளைக் குறிக்கும். நல்ல உடல்நலம் உடையோர் தகுந்த உடையுடன் உறைநிலைக்குக் கீழும் பாதுகாப்பாகப் பயிற்சி செய்ய இயலும். வெப்பநிலை மட்டுமன்றி காற்றின் வேகம், உடையின் ஈரம், இயக்கம் நின்றபின் குளிரில் கழியும் நேரம் ஆகியனவும் இடரின் அளவைத் தீர்மானிக்கின்றன.

உடலின் வெப்பச் சமநிலை

தசைகள் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியது வெப்பமாக வெளிப்படுகிறது. எனவே ஓடிக்கொண்டிருப்பவர் மெல்லிய உடையிலும் குளிரை அதிகம் உணர்வதில்லை. களைப்பாலோ காயத்தாலோ வேகம் குறையும்போது வெப்ப உற்பத்தியும் குறைகிறது. அதற்குள் வியர்வை உடையை நனைத்திருக்கும். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், ஈர உடை உடலை விரைவாகக் குளிர்விக்கிறது.

காற்றுக்குளிர்

வீசும் காற்று தோலை ஒட்டியுள்ள வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை அகற்றிவிடுகிறது. இவ்விளைவை அமெரிக்கர்களான பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் ஆகியோர் அண்டார்க்டிக்காவில் நீர் உறையும் நேரத்தை அளந்து ஆராய்ந்தனர். அவர்களது முடிவுகள் 1945 இல் வெளியாயின. கனடாவும் அமெரிக்காவும் 2001 இல் புதிய காற்றுக்குளிர்ச் சுட்டெண்ணை ஏற்றுக்கொண்டன. இதன்படி, வெப்பநிலை -10 பாகை செல்சியசாகவும் காற்றின் வேகம் மணிக்கு 30 கி.மீ. ஆகவும் இருப்பின் சுட்டெண் -20 ஆகும். சுட்டெண் -28 அல்லது அதற்கும் கீழே செல்லும்போது, மூடப்படாத தோல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும்.

உடை

உடையை மூன்று அடுக்குகளாக அணிவது வழக்கம்.

* உள்ளடுக்கு: வியர்வையைத் தோலிலிருந்து அகற்றும் பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி. பருத்தி ஈரத்தைத் தேக்கிவைப்பதால் ஏற்றதன்று.
* நடு அடுக்கு: வெப்பத்தைக் காக்கும் கம்பளி போன்ற துணி.
* வெளியடுக்கு: காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி.

புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் உணர்வதே சரியான அளவாகும். உடல் சூடேறியதும், வியர்ப்பதற்கு முன் ஓர் அடுக்கைக் கழற்றலாம். காது, மூக்கு, விரல்கள் ஆகியன முதலில் உறைவதால் தொப்பியும் கையுறையும் இன்றியமையாதன. செல்லும்போது காற்றை எதிர்கொண்டும், வியர்த்தபின் திரும்பும்போது காற்று முதுகுப்புறம் வீசுமாறும் வழியை அமைத்துக்கொள்வது நன்று.

நோய்களும் முதலுதவியும்

தாழ் உடல்வெப்பநிலை: உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே செல்லும் நிலை. நடுக்கம், நாக்குழறல், தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். குளிரிலேயே இருக்கும்போது நடுக்கம் நின்றுவிடுவது நிலைமை மோசமடைவதைக் காட்டலாம். உடனே மருத்துவ உதவியை அழைத்து, ஈர உடையை அகற்றி, உலர்ந்த போர்வையால் போர்த்த வேண்டும். மது கொடுத்தல் கூடாது.

பனிக்கடி: தோலும் அதன் கீழுள்ள திசுக்களும் உறைதல். அவ்விடம் மரத்து வெளிறும். அதைத் தேய்த்தலும் நெருப்பில் நேரடியாகக் காட்டுதலும் தீங்கு விளைவிக்கும்.

குளிர்ந்த உலர்காற்று ஆஸ்துமா உடையோருக்கு மூச்சிழைப்பைத் தூண்டலாம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்வதால், இதயநோய் உடையோர் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

2021 கான்சு ஓட்ட விபத்து

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடைபெற்ற 100 கி.மீ. மலையோட்டத்தில் 172 பேர் பங்கேற்றனர். மலைப்பகுதியில் திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் தாக்கின. வீரர் பலர் அரைக்காற்சட்டையும் மெல்லிய மேற்சட்டையும் மட்டுமே அணிந்திருந்தனர். 21 பேர் உயிரிழந்தனர். ஆட்டிடையர் ஒருவர் ஆறு பேரைத் தமது குகையில் தங்கவைத்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். இறந்தவர்களுள் நாட்டின் முன்னணி நெடுந்தொலைவு ஓட்டவீரர்களும் அடங்குவர். உடல் வலிமையும் பயிற்சியும் மட்டும் குளிரிலிருந்து காவா என்பதையும், கடுங்குளிர்காலம் அல்லாத பருவத்திலும் இவ்விடர் உண்டு என்பதையும் இந்நிகழ்வு உணர்த்தியது.

இவற்றையும் பார்க்கவும்

* காற்றுக்குளிர்
* பனிக்கடி
* முதலுதவி