ஆர்.கே.பேட்டை கிராமச் சாலைகளில் தெரியும் வரலாறு

சோளிங்கரிலிருந்து வடக்கே ஆர்.கே.பேட்டை, பிறகு அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று போகும் கிராமச் சாலைகளில் பெரிய வேகம் எடுக்க முடியாது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு வளைவு வரும். அறுவடைக் காலமாக இருந்தால் பாதிச் சாலையில் நெல்லோ வேர்க்கடலையோ காய்ந்துகொண்டிருக்கும். வண்டியை மெதுவாக ஓட்டுபவருக்கு ஒரு லாபம் உண்டு. சுற்றிலும் தெரிகிற காட்சிக்குள் இருநூறு ஆண்டு வரலாறு ஒளிந்திருப்பதைப் பார்க்கலாம்.

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் பலருக்கும் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஆர்.கே.பேட்டை வேறு உலகம். பாறைக் குன்றுகள், கரும்பு, மாந்தோப்பு, ஏரிகள்.

ஊர்ப்பெயர்ப் பலகையையே எடுத்துக்கொள்வோம். ஆர்.கே.பேட்டை என்பது இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதன் சுருக்கம். இந்த வட்டாரம் கார்வேட்டிநகரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. 'ராஜு' என்ற பட்டம் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது. 'பேட்டை' என்றால் வணிகரும் கைவினைஞரும் கூடி வாழ்ந்த இடம். பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை என்று அக்கம்பக்கத்திலும் பேட்டைகள்தான். ஊருக்குள் நுழைந்ததும் கேட்கும் தறிச் சத்தம் அந்தப் பெயருக்கு இன்றும் பொருள் சொல்கிறது. கைத்தறியின் இடத்தை விசைத்தறி பிடித்துக்கொண்டதால் சத்தம் மட்டும் பல மடங்கு கூடிவிட்டது.

இந்தக் குன்றுகள் போரையும் கண்டவை. 1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கர் அருகே ஹைதர் அலியின் படையும் ஜெனரல் அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் மோதின. கூட் வென்றார். ஆனால் வென்ற படையிடம் சாப்பிட அரிசி இல்லை! தானியம் தேடி அது இந்தப் பக்கத்துப் பாளையங்களுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. போர் வரலாற்றில் பீரங்கிகளுக்குக் கிடைக்கும் இடம் நெல்வயலுக்குக் கிடைப்பதில்லை.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அரக்கோணம் வழியாகத் தெற்கே போய்விட்டது. பின்னர் வந்த ரேணிகுண்டா பாதை திருத்தணி வழியாகக் கிழக்கே போனது. நடுவில் விடுபட்ட பகுதிதான் ஆர்.கே.பேட்டை. இந்தச் சாலைகள் இன்னும் கிராமச் சாலைகளாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி வட்டாரம் அதில் சேர்க்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அப்படியே ஆந்திராவுக்குப் போனது. தமிழ் பேசிய ஊர்களும் கூடவே போயின. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் களம் இதுதான். திருப்பதி வரை கேட்டார்கள், அது கிடைக்கவில்லை. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையைப் பார்த்துப் பரிந்துரை செய்தார். அதையொட்டி 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது.

கிராமம் கிராமமாகப் பார்த்துக் கோடு போட்டதால் எல்லை நேராக இல்லை, வளைந்து நெளிந்து போகிறது. பொதட்டூர்பேட்டையைத் தாண்டி நகரிப் பக்கம் வண்டியைத் திருப்பினால் திடீரென்று கடைப் பலகையில் எழுத்து மாறும். மலை மாறாது, பயிர் மாறாது, தறிச் சத்தமும் மாறாது. நகரியில் தமிழ் பேசுவோரும், பள்ளிப்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் ஏராளம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களுக்கு 1960 என்பது பள்ளிப்பாட மொழியும் தாலுகா ஆபீஸும் மாறிய ஆண்டு. வங்கக் கடலில் வந்த மாலுமிகள் கரைக்கு அடையாளமாகக் கொண்ட 'நகரி மூக்கு' சிகரம் எல்லைக்கு அப்பால் நிற்கிறது.

கோடு போடுவது அதோடு நிற்கவுமில்லை. 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. 2019-ல் சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. பக்கத்து ஊர் சந்தைக்குப் போய்வந்தாலே இப்போது மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டும்.

அண்மைக் காலத்தில் இங்கே இன்னொரு கோடும் விழுந்திருக்கிறது. சித்தூரிலிருந்து தச்சூருக்குச் சுமார் 116 கி.மீ. நீளத்துக்கு ஆறு வழிச்சாலை திட்டமிடப்பட்டு, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் விளைநிலங்கள் எடுக்கப்பட்டன. நிலம் தர மறுத்து விவசாயிகள் போராடினார்கள். துறைமுகங்களுக்குச் சரக்கு போக அந்தச் சாலை பயன்படும். அதில் விரைகிற லாரிக்காரருக்குக் குன்றுகள் தெரியும், ஊர்ப்பெயரைப் படிக்க நேரம் இருக்காது. இராமகிருஷ்ணராஜுவின் பேட்டைக்குப் போக வேண்டியவர் இறங்கி ஏரிக்கரைச் சாலையைத்தான் பிடிக்க வேண்டும்.